பட்டிமன்றத்தில் ஜெயித்தேன், செர்தாவிடம் தோற்றேன்

அமைப்பியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன்



இந்த வருஷம் நம் மாணவர் மன்றம் நடத்திய பட்டிமன்றம் உங்களுக்கு மறந்திருக்காது. நகரம் மேல்நோக்கி வளர்வதா, பக்கவாட்டில் வளர்வதா என்பதுதான் தலைப்பு. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சாதாரண உயரக் கட்டடங்களுக்கு 1.5 என்றிருந்த எஃப்.எஸ்.ஐ.யை 2 ஆக்கின. அதாவது ஆயிரம் சதுர அடி மனையில் முன்பு எல்லாத் தளமும் சேர்த்து ஆயிரத்து ஐநூறு சதுர அடி கட்டலாம் என்றால், இப்போது இரண்டாயிரம் கட்டலாம். இது நன்மையா, தீமையா என்று இரண்டு அணியாகப் பிரிந்து பொளந்து கட்டினோம். நான் பக்கவாட்டு அணி. கூட்டம்தான் நோய், மாடிதான் இருட்டு என்று முழங்கினேன். கைதட்டல் அடங்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு. எங்கள் அணிக்கே வெற்றி!

என் பேச்சில் சூடு இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டு அடுப்படியில் பட்டப்பகலில் டியூப் லைட் எரியும். நான் ஏழாவது படிக்கும்போது பின்மனைக்காரர் எல்லைச் சுவரை ஒட்டியே ரெண்டு மாடி எழுப்பினார். அன்றைக்கு மூடிய ஜன்னல், இன்றுவரை திறக்கவில்லை. திறந்தால் செங்கல்தான் தெரியும். எங்க அம்மா அன்றிலிருந்து விளக்கு வெளிச்சத்தில்தான் அரிசியில் கல் பொறுக்குகிறார். அந்தக் கோபத்தைத்தான் மேடையில் கொட்டினேன்.

பட்டிமன்றம் முடிந்து பரிசு டிபன் பாக்ஸோடு வெளியே வந்த என்னை, டவுன் பிளானிங் எடுக்கும் ஆசிரியர் நிறுத்தினார். உன் வீட்டை இருட்டாக்கியது மாடியா, விடாமல் போன ஐந்தடியா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நூலகத்துக்குப் போய் செர்தா என்ற மனுஷனைப் பற்றிப் படி என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். படித்தேன். படித்ததைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சாமியார் ஆக வேண்டியவர் என்ஜினீயர் ஆன கதை

இல்டெஃபோன்ஸ் செர்தா 1815-ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியா பகுதியில், சென்டெல்யஸ் என்ற ஊரருகே ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். நிலபுலன் உள்ள பழைய குடும்பம். மூத்த பிள்ளைக்குச் சொத்து, இளையவனுக்குக் கோயில் என்பது அந்தக் கால வழக்கம். செர்தா மூத்தவர் அல்ல. ஆகவே பாதிரியார் ஆகட்டும் என்று விக் நகரத்து மதக் கல்லூரியில் சேர்த்தார்கள். லத்தீனும் தத்துவமும் படித்த பையனுக்கு மனசு என்னவோ கணக்கிலேயே நின்றது. பார்சிலோனாவுக்கு வந்து கணிதமும் கட்டடக் கலையும் கற்றார். பிறகு 1835-ல் தலைநகரம் மாட்ரிட்டுக்குப் போய் சாலை, பாலப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். கையில் காசில்லாமல் சிரமப்பட்டுத்தான் அந்தப் படிப்பு நடந்தது. ஹாஸ்டல் மெஸ் பில் கட்ட முடியாமல் முழிக்கிற நமக்கெல்லாம் இது தெரிந்த சமாச்சாரம்தானே! 1841-ல் பட்டம் பெற்று அரசாங்க என்ஜினீயராக வேலைக்கு அமர்ந்தார்.

1844-ல் பிரான்சின் தென்பகுதியில் நீம் என்ற ஊருக்குப் போனபோது ரயிலைப் பார்த்தார். ரயில் ஓடுவதைப் பார்த்து அதிசயிக்காதவர் யார்? ஆனால் செர்தா யோசித்தது வேறு. இத்தனை ஜனமும் சரக்கும் இத்தனை வேகத்தில் ஒரு ஊர் வாசலில் வந்து இறங்கினால், அந்த ஊரின் சந்து பொந்துகள் என்ன ஆகும் என்று யோசித்தார். அதற்குப் பின் அவர் வாழ்க்கை முழுவதுமே இந்த ஒரு யோசனைதான்.

சில ஆண்டுகளில் அண்ணன்மார் இறந்துபோக, எதிர்பாராமல் குடும்பச் சொத்து அவர் கைக்கு வந்தது. 1849-ல் அரசாங்க வேலையை ராஜினாமா செய்தார். சொத்து வந்தால் நம்மில் பலர் என்ன செய்வோமென்று உங்களுக்கே தெரியும். அவரோ அந்தச் சொத்தைக் கொண்டு நகரங்களை ஆராயப் போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். 1851-ல் பார்சிலோனாவிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சுவருக்குள் ஒரு நகரம்

அன்றைய பார்சிலோனாவைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவர். சுவருக்கு வெளியே பரந்த வெட்டவெளி. ஆனால் அங்கே ஒரு வீடு கட்ட முடியாது. ஏன்? பீரங்கிக் குண்டு போகும் தூரத்துக்குள் எந்தக் கட்டடமும் இருக்கக் கூடாது என்று ராணுவம் தடை போட்டிருந்தது. இந்த மண்டலத்தில் இது கட்டக் கூடாது என்று இன்று நாம் மண்டல விதி படிக்கிறோமே, இதுவும் ஒரு மண்டல விதிதான். ஊருக்கே கழுத்தில் கயிறாக இறுகிய விதி.

பஞ்சாலைகள் பெருகின. வேலை தேடி ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வெளியே போக வழியில்லாததால் வீடுகள் மேலே ஏறின. இருந்த மாடிக்கு மேல் மாடி, முற்றத்தில் ஒரு அறை, தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டு ஒரு அறை. பல தெருக்களின் அகலம் மூன்று மீட்டர்கூட இல்லை. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 850 பேருக்கு மேல் வசித்தார்கள். ஒரு ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அதில் வீடு மட்டுமல்ல, பட்டறையும் ஆலையும்கூட இருந்தன. வெயில் என்பதே தரைத்தளத்து ஆட்களுக்குக் கிடையாது. காலரா வந்தால் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

1854-ல் காலரா மறுபடி வந்தது. அதே ஆண்டில்தான் அரசாங்கம் ஒருவழியாக இறங்கிவந்து சுவரை இடிக்க அனுமதி கொடுத்தது. ஊரே கடப்பாரையோடு கிளம்பியதாம்!

சுவர் போய்விட்டது. வெளியே எப்படிக் கட்டுவது? இங்கேதான் செர்தா வருகிறார்.

முதலில் சர்வே, அப்புறம்தான் பிளான்

நம் ஆசிரியர்கள் முதல் வருஷத்திலிருந்து மந்திரம் மாதிரி சொல்வது இதுதானே? செர்தா அதை அன்றே செய்தவர். 1855-ல் சுவருக்கு வெளியே இருந்த சமவெளி முழுவதையும் 1:1250 ஸ்கேலில் அளந்து வரைபடமாக்கினார். மீட்டருக்கு ஒரு கான்டூர் கோடு! டோட்டல் ஸ்டேஷன் கிடையாது, கணினி கிடையாது. நாம் வளாகத்துக்குள் ஒரு மரத்தைச் சுற்றி கான்டூர் எடுப்பதற்கே வெயிலில் மயங்கி விழுகிறோம். நினைத்துப் பாருங்கள்.

நிலத்தை அளந்ததோடு அவர் நிற்கவில்லை. 1856-ல் தொழிலாளிகளின் வாழ்க்கையையும் அளந்தார். என்ன கூலி, எத்தனை நாள் வேலை, வாடகைக்கு எவ்வளவு போகிறது, ரொட்டிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று தொழில்வாரியாகப் புள்ளிவிவரம் எடுத்தார். பணக்காரனைவிட ஏழையின் சராசரி ஆயுசு மிகக் குறைவு என்பதும், அதற்கும் அவன் படுத்திருக்கும் அறைக்கும் சம்பந்தம் உண்டு என்பதும் அவருக்கு எண்களிலேயே தெரிந்தது. ஒரு என்ஜினீயர் அடுப்படிக்குள் நுழைந்து கணக்கெடுத்தது அந்தக் காலத்தில் புதுசு.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1859-ல் செர்தா தந்த திட்டத்துக்கு எஷாம்ப்லா என்று பெயர் வந்தது. விரிவாக்கம் என்று அர்த்தம். சதுரக் கட்டங்களாக நகரம். ஒவ்வொரு சதுரமும் 113.3 மீட்டர் பக்கம். தெருக்களின் அகலம் சாதாரணமாக 20 மீட்டர். அதில் நடுவே 10 மீட்டர் வண்டிகளுக்கு, இருபுறமும் ஐந்தைந்து மீட்டர் நடந்து போகிறவர்களுக்கு. பாதித் தெரு நடப்பவனுக்கு! எட்டு மீட்டருக்கு ஒரு மரம். சதுரத்தின் நாலு மூலைகளையும் வெட்டி, 20 மீட்டர் நீளத்துக்குச் சாய்வாக விட்டார். திரும்பும் வண்டிக்கு எதிரே வருவது தெரியணும் என்பதற்காக. மோட்டார் காரே பிறக்காத காலத்தில், நாளைக்கு நீராவி வண்டி தெருவில் ஓடும் என்று எதிர்பார்த்துச் செய்த வேலை அது. கால்குலேட்டர் வைத்திருக்கும் நண்பர்கள் போட்டுப் பாருங்கள், மூலை நான்கும் போக ஒரு சதுரத்தின் பரப்பு 12,400 சதுர மீட்டர் சொச்சம் வரும்.

இன்னொரு நுணுக்கம். வடக்கு தெற்காகக் கோடு போடாமல், கட்டம் முழுவதையும் 45 டிகிரி திருப்பி வைத்தார். நேர் வடக்குப் பார்த்த சுவர் என்று எதுவும் இருக்காது. எல்லா முகப்புக்கும் ஒரு நேரமாவது வெயில் உண்டு.

இனிதான் முக்கியமான இடம். கட்டட உயரம் 16 மீட்டருக்கு மேல் கூடாது என்றார். தெரு 20 மீட்டர், கட்டடம் 16 மீட்டர். உயரம் அகலத்தைவிடக் குறைவு. ஆகவே எதிர்வீட்டு நிழல் உன் வீட்டுக் கீழ்த்தளத்தை முழுசாக மூடாது. சதுரத்தில் இரண்டு பக்கம் மட்டுமே வீடு, மீதி தோட்டம். இதை நன்றாகக் கவனியுங்கள். அவர் குடிசைகளைப் பரப்பச் சொல்லவில்லை. நாலு தளம் கட்டச் சொன்னார். அடுக்கி வாழலாம், ஆனால் அடுக்கியதற்குச் சமமாக ஆகாயமும் விடணும் என்றார். நான் மேடையில் சொன்னதற்கு நேர் எதிர்!

அன்று நடந்த பட்டிமன்றம்

திட்டத்தை மாட்ரிட் அரசாங்கம் 1859 ஜூனில் ஏற்றது. பார்சிலோனா நகர சபைக்கோ ரோஷம். எங்க ஊருக்குத் தலைநகரத்திலிருந்து பிளானா என்று தனியாகப் போட்டி நடத்தினார்கள். அந்த அக்டோபரில் ரோவிரா ஈ த்ரியாஸ் என்ற கட்டடக் கலைஞரின் திட்டம் முதல் பரிசு பெற்றது. பழைய நகரத்தை நடுவில் வைத்து விசிறி போல விரியும் அழகான திட்டம் அது. ஆனால் 1860-ல் மாட்ரிட் மறுபடி செர்தாவின் திட்டத்தையே உறுதி செய்தது. அதே ஆண்டு அரசி இரண்டாம் இசபெல் வந்து முதல் கல் நாட்டினார்.

செர்தாவுக்கு ஜெயம். ஊருக்குள் பகை. கட்டடக் கலைஞர்களுக்கு ஓர் என்ஜினீயர் ஜெயித்தது பிடிக்கவில்லை. ஊர்ப்பற்று உள்ளவர்களுக்கு மேலிருந்து திணித்தது பிடிக்கவில்லை. அதில் நியாயமும் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. ஊர் ஜனத்தின் சம்மதம் வாங்காத பிளான், காகிதத்தில் எவ்வளவு சரியாக இருந்தாலும், காவல்காரன் இல்லாத தோட்டம்தான். செர்தாவுக்கு நேர்ந்ததும் அதுவே.

நிலச் சொந்தக்காரர்கள் மெதுவாக ஆரம்பித்தார்கள். என் நிலத்தில் பாதியைத் தோட்டமாக விட்டால் எனக்கு என்ன லாபம்? ரெண்டு பக்கம் கட்டலாம் என்றால் மூணாவது பக்கம் ஏன் கூடாது? மூணு ஆச்சே, நாலாவது? இப்படிச் சதுரத்தின் நாலு பக்கமும் அடைபட்டது. அந்தச் சொந்தக்காரர்களை வில்லன்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. தெருவுக்கு நிலம் கொடுத்து நஷ்டப்பட்டவனும் அவர்களில் உண்டு. செர்தா அதையும் யோசித்தார். தெருவால் வரும் லாபத்தையும் நஷ்டத்தையும் எல்லாச் சொந்தக்காரரும் பங்கிட்டுக்கொள்ள, கோணல் மாணலான வயல்களை ஒன்றுசேர்த்து ஒழுங்கான மனைகளாகத் திருப்பித் தரும் முறையை வகுத்தார். பல வருஷம் மனைமனையாக அலைந்து அதை நடத்தியும் காட்டினார். ஆனால் விதியை இளக்கும் கைகள் அவருடைய கைகளைவிட அதிகம்.

கடைசிக் காலம்

1861-ல் மாட்ரிட் நகரத்துக்கும் ஆய்வு செய்து கொடுத்தார். 1867-ல் நகரமாக்கலின் பொதுக் கோட்பாடு என்ற பெரிய நூலை வெளியிட்டார். நகரமாக்கல் என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்கிறோமே, ஸ்பானிய மொழியில் அதற்குச் சொல் இல்லாததால், லத்தீன் மூலத்திலிருந்து புதுச் சொல் செய்தவரே அவர்தான். சின்ன வயசில் படித்த லத்தீன் வீண் போகவில்லை!

ஆனால் கைச்சொத்து கரைந்துகொண்டே வந்தது. வேலைக்கு வரவேண்டிய பணம் சரியாக வரவில்லை. குடும்ப வாழ்க்கையிலும் நிம்மதி இல்லை, மனைவி பிரிந்தார். 1873-ல் ஸ்பெயின் குடியரசானபோது பார்சிலோனா மாகாண சபையில் பொறுப்பு வகித்தார். குடியரசு அடுத்த ஆண்டே கவிழ்ந்தது. 1876 ஆகஸ்ட் 21 அன்று, வடக்கே கால்தஸ் தெ பெசாயா என்ற வெந்நீர் ஊற்று ஊரில், உடம்பு தேற்றப் போன இடத்தில் கண்ணை மூடினார். வயது அறுபது. ஊரையே வரைந்த மனுஷன் கடனாளியாகப் போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகு

அவர் போனபின் விதிகள் தளர்ந்துகொண்டே போயின. கட்டட ஆழம் கூடியது. உயரம் 20 மீட்டரைத் தாண்டியது. மொட்டை மாடிக்கு மேல் ஒரு தளம், அதற்கு மேல் இன்னொன்று. உள்முற்றத்தில் பட்டறை, கிடங்கு, கார் நிறுத்துமிடம். ஒரு சதுரத்தில் செர்தா கணக்கிட்ட கட்டடக் கன அளவு சுமார் 67,000 கன மீட்டர். 1970-களில் விதி அனுமதித்தது ஏறக்குறைய 2,95,000 கன மீட்டர். நாலு மடங்குக்கு மேல்! யாரும் பிளானைக் கிழித்துப் போடவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வரியைத்தான் மாற்றினார்கள். பிறகு 1976-ல் வந்த பெருநகரத் திட்டம் அதைக் குறைத்துப் பிடித்தது. 1980-களிலிருந்து அடைபட்ட உள்முற்றங்கள் சிலவற்றை நகர சபை மீட்டுக் குழந்தைகள் விளையாடத் திறந்துவிட்டது.

இதையெல்லாம் தாண்டியும் ஓர் ஆச்சரியம். எஷாம்ப்லா இன்றும் ஐரோப்பாவின் நெருக்கமான குடியிருப்புகளில் ஒன்று. ஹெக்டேருக்குச் சுமார் 350 பேர். ஆனாலும் ஜனங்கள் விரும்பி வாழ்கிற இடம் அது. ஏன்? நாலு பக்கமும் அடைத்தார்கள், உயர்த்தினார்கள். ஆனால் அந்த 20 மீட்டர் தெருவையும் வெட்டிய மூலையையும் யாராலும் தின்ன முடியவில்லை. செர்தா விட்ட வெற்றிடம்தான் இன்றும் அந்த நகரத்தைக் காப்பாற்றுகிறது.

என் பங்குக்கு ஓர் உண்மை

இப்போது ஆசிரியரின் கேள்விக்குப் பதில் தெரிந்தது. எங்க அடுப்படியை இருட்டாக்கியது ரெண்டு மாடி அல்ல. விடாமல் போன ஐந்தடி. நான் பட்டிமன்றத்தில் கூட்டத்தைத் திட்டினேன். திட்டியிருக்க வேண்டியது வேறு. எத்தனை பேர் வாழலாம் என்பதை மட்டும் பேசி, ஒவ்வொருவர் ஜன்னலுக்கும் எவ்வளவு ஆகாயம் என்பதை விட்டுவிட்டால் ரெண்டு அணியுமே தோற்ற அணிதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விடுமுறையில் ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை பழகினேன். ஒருத்தர் வீட்டுக்கு பிளான் போட்டேன். பின்பக்கம் ஐந்தடி திறந்தவெளி என்று அழகாகக் கோடு போட்டேன். அதில் பாத்ரூமும் மாடிப்படியும் வரப்போகிறது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும், அலுவலகத்துக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அனுமதிக்கு ஒரு தாள், மேஸ்திரிக்கு ஒரு தாள். ரெண்டையும் வரைந்தது இதே கைதான். அந்த மனைக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. அதற்கும் ஒரு அடுப்படி ஜன்னல் இருக்கும் என்று அப்போது நான் நினைக்கவே இல்லை.

செர்தாவைப் படித்த வாரம் அந்த வீட்டுக்காரரைத் தேடிப் போனேன். வேலை கடைக்கால் மட்டத்தில் இருந்தது. நியாயம் பேசினால் கேட்க மாட்டார் என்று தெரியும். ஆகவே பிளானை விரித்து, சார், பின்னாடி அடைத்தால் முதலில் இருட்டாகப் போவது உங்க வீட்டுச் சமையல்கட்டுதான் என்று காட்டினேன். மாடிப்படியை முன்பக்கத் திண்ணைக்கு மாற்றி, பாத்ரூமை உள்ளே இழுத்து, ராத்திரி கண்விழித்துப் போட்ட மாற்று பிளானைக் கொடுத்தேன். அவர் மனைவி எட்டிப் பார்த்து, ஜன்னல் எங்கே வருது தம்பி என்று கேட்டார். காட்டினேன். மாடிப்படி முன்னால் வந்துவிட்டது. பாத்ரூமை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆக, பின்பக்கத்தில் முக்கால்வாசி நீளத்துக்கு ஐந்தடி மிச்சம்.

முழு வெற்றி இல்லைதான். செர்தாவுக்கே கிடைக்காதது எனக்கா கிடைக்கப் போகிறது?

நண்பர்களே, நாளைக்கு நாம் எல்லோரும் இந்தக் கோடுகளைப் போடப் போகிறவர்கள். எஃப்.எஸ்.ஐ. கூடலாம், குறையலாம். அதை மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். ஐந்தடியைத் தாளில் போட்டுவிட்டுத் தரையில் விழுங்க நாம் கைகொடுப்பதா என்பது மட்டும் நம் டிராயிங் போர்டில் முடிவாகிற விஷயம். நான் வாரம் ஒருமுறை சைக்கிளில் அந்தத் தெரு வழியாகத்தான் வருகிறேன். லிண்டல் மட்டம் வந்தாச்சு. பின்பக்கம் இன்னும் திறந்தே இருக்கிறது.